திறக்கும் பொத்தானில் ஒரு பொட்டு

சாவிப் பொத்தானை மறுபடியும் அமுக்கினான். சர்வீஸ் நிலையத்து வாகை மரத்தடியில் நின்ற வெள்ளைக் கார் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பூட்டும் பொத்தானை அமுக்கினால், அதுவும் இரண்டு எட்டு தூரத்துக்குள் நின்று அமுக்கினால், மஞ்சள் விளக்குகள் ஒருமுறை மின்னிவிட்டுப் பக்கவாட்டுக் கண்ணாடிகள் மடங்கிக்கொள்கின்றன. திறக்கும் பொத்தானுக்குத்தான் அசைவே இல்லை. இசக்கிராஜா ஒரு எட்டு முன்னால் வைத்தான். அமுக்கினான். இல்லை. பெருவிரல் நகம் வெளுக்கும்வரை அமுக்கினான். பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நான்கு வருடம் மின்னணுவியல் படித்தவனுக்கு அது தெரியும், பொத்தானுக்கு அடியில் இருக்கும் கருப்புத் துளி மின்சுற்றுப் பலகையைத் தொட்டால் போதும், தொட்டதா தொடவில்லையா, இரண்டே பதில்தான். இருந்தாலும் விரல் கேட்கவில்லை. ஒன்றும் நடக்காதபோது செய்யக்கூடிய ஒரே காரியம் இன்னும் பலமாக அமுக்குவதுதான் என்று விரலுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் அம்மா டிவி ரிமோட்டை அப்படித்தான் அமுக்குவாள், கத்தியால் குத்தப்போகிறவள் மாதிரி கையை முழுசாக நீட்டி. மணி பதினொன்று பத்து. பன்னிரண்டுக்கு அண்ணாச்சி சாவியைக் கேட்டு வந்துவிடுவார். இன்றைக்குப் புதன். வெள்ளிக்கிழமையோடு இவனுடைய ஆறு மாதப் பயிற்சிக்காலம் முடிகிறது, வேலை நிரந்தரமா இல்லையா என்று அன்றைக்குச் சொல்வார்கள். இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், ஆனால் மனம் எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்துவைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தது.

அண்ணாச்சி என்றால் பாளையங்கோட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் சிவனணைந்த பெருமாள் அண்ணாச்சி. காலையில் காரைவிட்டு இறங்கும்போதே சாவியை இரண்டு விரலால், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, ஒம்பேர் என்ன?" "இசக்கிராஜா, அண்ணாச்சி." "நம்ம ஊர்ப் பேராத்தான் இருக்கு. இந்தச் சாவிய என்னன்னு பாரு. பூட்டுது, திறக்க மாட்டேங்கு. ரெண்டு நா காலையில வந்து பாத்தா வண்டி தானா திறந்து கெடக்கு." வாட்ச் கடையில் பேட்டரி மாற்றினாராம், மூன்று நாள் ஒழுங்காக இருந்ததாம், பழையபடி ஆகிவிட்டதாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எல்லாம் எங்க வீட்டு மருமக பாத்த வேலை. மவன் மஸ்கட்ல இருக்கான், வண்டிய அவதான் ஓட்டுதா. சுடிதார் பையில சாவியப் போட்டு அப்படியே வாஷிங் மெஷின்ல தள்ளியிருப்பா. கேட்டா இல்லவே இல்லைங்கா. பத்து நாளா சாவிய நான் வாங்கி வச்சிட்டேன். ஆஸ்பத்திரி லேபுக்கு பஸ்ல போய்ப் பழகட்டும்." இன்னொரு சாவி இருக்குமே என்று இவன் கேட்டான். "பீரோவுல இருந்துச்சு, இந்தா. அதையும் கொடுத்து, அதையும் தண்ணிக்குள்ள போடுததுக்கா?" என்று அவர் சிரித்தார். இசக்கிராஜாவும் சிரித்தான். எதற்குச் சிரித்தோம் என்று அப்போது யோசிக்கவில்லை. பெரியவர்கள் சிரித்தால் கூடவே சிரித்துவிடுவது சின்ன வயதிலிருந்து பழகிப்போனது, முகம் தானாகவே செய்துவிடுகிறது. இப்போது அந்தச் சிரிப்பு உதட்டோரத்தில் பருக்கைபோல் ஒட்டிக்கொண்டு உறுத்தியது.

அந்த இரண்டாவது சாவியை எடுத்துக்கொண்டு கேட்டுவரைக்கும் நடந்துபோய் அங்கிருந்து அமுக்கிப் பார்த்தான். கார் உடனே கண்ணைத் திறந்தது. காரில் கோளாறு இல்லை. காருக்குள் இருக்கும் ஏரியல், கதவு மோட்டார், வயர், ஃபியூஸ் எல்லாம் சரி. கோளாறு இந்தச் சின்னக் கருப்புச் சாவிக்குள்ளேதான். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவது இவனுக்குப் பிடிக்கும், ஒரு வீட்டில் ஒவ்வொரு அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வருவது மாதிரி, கடைசியில் ஒரே ஒரு அறையில் வெளிச்சம் இருக்கும், கள்ளன் அங்கேதான் இருப்பான். எலக்ட்ரீசியன் ஞானதுரை அண்ணன் ஒரு பானெட்டுக்குள்ளிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். "ஏல இசக்கி, தாடையில வச்சு அமுக்குல. மண்டை பூரா ஏரியலாயிரும்." கிண்டல் மாதிரி இருந்தாலும் அது உண்மைதான், தலைக்குள் இருக்கும் நீர் அலையைக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும். இவனும் சாவியைத் தாடையில் வைத்து அமுக்கினான். "என்னல, ஒம் மண்டையில சிக்னலே இல்லையா?" என்றார் அண்ணன். பக்கத்தில் டயர் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். இவனும் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். தாடையில் சாவி இருந்த அந்த ஒரு நொடியில் மூக்குக்கு ஏதோ வந்தது. பன்னீர் வாசனை. கல்யாண வீட்டு வாசலில் தெளிப்பார்களே, அது. அண்ணாச்சி கோயிலுக்குப் போய்விட்டு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான். வேகமாக நினைத்துக்கொண்டான்.

பேட்டரியை முதலில் பார்த்துவிடலாம். மேசைக்கு வந்து மெல்லிய தகடு போன்ற ஸ்க்ரூ டிரைவரைச் சாவியின் விளிம்புப் பிளவில் வைத்தான், ஆனால் நெம்பவில்லை. எந்தப் பொருளையும் திறப்பதற்கு முன்னால் திறக்கலாமா என்று யாரிடமாவது கேட்கவேண்டும்போல் இவனுக்கு இருக்கும். கல்லூரி ஆய்வகத்தில் முதல் நாள் மற்றப் பையன்கள் அலையைத் திரையில் காட்டும் கருவியின் திருகுகளைத் திருகி விளையாடிக்கொண்டிருந்தபோது இவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், உடைந்தால் யார் பதில் சொல்வது என்று. அவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல அப்பாமார் இருந்தார்கள், இவனுக்கு இருந்த அப்பா கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர், தலைமை ஆசிரியர் அறைக்குள் வரச் சொன்னாலே செருப்பைக் கழற்றிவிட்டு வருபவர். நெம்பினான். மூடி சின்னச் சத்தத்தோடு பிரிந்தது. நாணயம் போன்ற பேட்டரியை எடுத்து மீட்டர் முனைகளை வைத்தான். மூன்று வோல்ட் இருக்கவேண்டியது இரண்டு புள்ளி மூன்று. மாற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அப்படியென்றால் யாரோ குடித்திருக்கிறார்கள். பொத்தானை யாரும் அமுக்காதபோதும் அமுக்கியிருப்பதாகவே சாவி நினைத்துக்கொண்டிருக்கிறது, விடாமல் திற திற என்று முனகி முனகிப் பேட்டரியைத் தீர்த்துவிடுகிறது, அதனால்தான் அந்த இரண்டு நாளும் கார் தானாகத் திறந்து கிடந்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் ஒரு கணம் வந்தது. அடுத்த அடுக்கைப் பிரித்தான். ரப்பர் தோலைத் தூக்கினான். பன்னீர் இப்போது தெளிவாக வந்தது. பச்சைப் பலகையின் மேல், திறக்கும் பொத்தான் தொடவேண்டிய இடத்தைச் சுற்றி, குளம் வற்றிய பின் நிற்கும் வண்டல் மாதிரி ஒரு மஞ்சள் படிவு. அதன் நடுவில் மணல் அளவுக்குக் குங்குமம்.

சந்தனம். அண்ணாச்சி வீட்டுச் சந்தனமாக இருக்கலாம். பெயிண்ட் கடையிலும் ஆயுத பூஜை போட்டிருப்பார்கள், தராசுக்கும் கல்லாவுக்கும் வைத்த கையால் இதற்கும் வைத்திருக்கலாம். இருக்கலாம். ஆனால் அண்ணாச்சியின் கார் ஆயுத பூஜை அன்றைக்கு அவர் கடையில் இல்லை, இங்கே இருந்தது, சர்வீஸ் முடியாமல் மூன்றாவது வரிசையில், இப்போது நிற்கிற இதே வாகை மரத்துக்குப் பக்கத்தில். சாவி அந்தப் பித்தளைத் தாம்பாளத்தில் இருந்தது. தாம்பாளம் இவன் கையில் இருந்தது.

பதினாறு நாளைக்கு முன்னால் அது. பட்டறை முழுக்கக் கழுவிவிட்டு, ஒவ்வொரு கருவிக்கும் பொட்டு வைத்து, கார்களின் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பொரிகடலை மூட்டையைப் பிரித்துவைத்திருந்தார்கள். மேலாளர் பார்கவி மேடம் சாவிப் பலகையில் தொங்கிய சாவிகளைக் கழற்றித் தாம்பாளத்தில் போட்டு, "இசக்கி, இதுக்கெல்லாம் நீ வச்சிடு, நீதான் பொறுமையா வைப்ப" என்றார். அந்தச் சொல் இவனுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது இப்போதுகூட நினைவிருக்கிறது, நெஞ்சுக்குள் ஒரு தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டதுபோல். மற்றவர்கள் ஸ்பானருக்கும் ஜாக்கிக்கும் வீசியடித்ததுபோல் வைத்துக்கொண்டிருக்க, இவன் ஒவ்வொரு சாவியையும் உள்ளங்கையில் நிறுத்தி நடு இடம் பார்த்தான். சாவிக்கு நெற்றி எது? சாவியின் மூன்று பொத்தான்களில் மேலே இருப்பது திறந்த பூட்டின் படம் போட்டது, அதுதான் நெற்றி மாதிரி இருந்தது. அங்கேயே வைத்தான். கிண்ணத்தில் சந்தனம் காய்ந்து கட்டியாகியிருந்தது, பன்னீர் ஊற்றிக் கலக்கினான், இன்னும் கொஞ்சம் ஊற்றினான், தண்ணீராகிவிட்டது. பொட்டு நிற்காமல் வழிந்தது. வழிந்தால் அழகாக இருக்காது என்று அதன் மேலேயே இன்னொரு பொட்டு வைத்தான். அது காயும்வரை சாவியைச் சாய்க்காமல் பிடித்திருந்தான். பொத்தானைச் சுற்றியிருக்கும் மயிரிழைப் பிளவு வழியாக அது நிதானமாக உள்ளே இறங்குவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் பிடித்திருந்தான். வீசியடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்பானர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கவனமாக வைத்ததால் ஆன கோளாறு இது. இந்த ஊரில், இந்த ஒரு நாளில், கவனமான ஒருவன் மட்டும் செய்யக்கூடிய கோளாறு.

மேசை மேலிருந்த போன் அதிர்ந்தது. நிமிர்ந்தால் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்கவி மேடம்தான் பேசிக்கொண்டிருந்தார், முப்பதடி தூரம், உதடு அசைவது இங்கிருந்தே தெரிந்தது, குரல் மட்டும் காதுக்குள். "அந்தப் பெயிண்ட் கடைக்காரர் சாவி என்னாச்சு?" "உள்ள ஈரம் போயிருக்கு மேடம்." பொய் இல்லை. "நெனச்சேன். ஜாப் கார்டுல 'நீர் புகுந்தது, வாடிக்கையாளர் கவனக்குறைவு'ன்னு இருக்குல்ல, அதுல டிக் போட்டுடு. அவரே வீட்ல தண்ணியில போட்டுட்டாங்கன்னுதானே சொல்றார்." "சரி மேடம்." வைத்துவிட்டார். சரி மேடம் என்பதும் அந்தச் சிரிப்பு மாதிரிதான், வாய் தானாகவே சொல்லிவிடுகிறது. வேலை விவரம் எழுதும் அந்த ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தான். சின்னக் கட்டம். பேனாவின் முனை அளவுக்கு ஒரு கட்டம். இதற்குள் ஒரு டிக் போட்டால் பாளையங்கோட்டையில் எங்கோ ஒரு வீட்டில், இவன் முகம்கூடப் பார்த்திராத ஒருத்தி, தண்ணீரில் போட்டவள்தான் என்று எழுத்திலேயே ஆகிவிடும். அண்ணாச்சி இந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோவார். பார், சர்வீஸ்காரனே எழுதிக் கொடுத்திருக்கான். அவள் என்ன சொல்வாள்? இல்லை மாமா என்பாள். என்ன ஆதாரம் என்பார்.

என்ன ஆதாரம். இந்தக் கேள்வியை இவன் முன்னாலும் கேட்டிருக்கிறான், கிராம நிர்வாக அலுவலர் வாயிலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம், முதல் பட்டதாரி சான்றிதழுக்காக அம்மாவோடு போய் நின்றபோது. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்று ஒரு சான்றிதழ். "யாரும் டிகிரி முடிக்கலைங்கிறதுக்கு என்னம்மா ஆதாரம் வச்சிருக்க?" என்று அவர் ஏட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். அம்மா அவரையே பார்த்துச் சொன்னாள். "இல்லாததுக்கு எங்கய்யா ஆதாரம் கெடைக்கும்? வேணும்னா வீட்டுக்கு வந்து தேடிப் பாருங்க. பரண்லகூட ஒரு டிகிரி கெடையாது." அறையிலிருந்த நாலு பேரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டு முத்திரையைக் குத்தினார். இவனும் சிரித்தான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வேடிக்கைக்காக அவள் சொல்லவில்லை, உண்மையிலேயே வந்து தேடிப் பார்க்கத்தான் சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் கேட்டுக்கொண்டே வந்தது, "நான் பொய் சொல்லுதேன்னு நெனச்சிருப்பாரோல?" அன்றைக்கு அவமானமாக இருந்தது அம்மா பேசியது. இப்போது அது அவமானமாக இல்லை, இவன் சிரித்தது மட்டும்தான் மிச்சமிருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணும் இப்படித்தான் சொல்லியிருப்பாள், வேணும்னா வாஷிங் மெஷின்ல தேடிப் பாருங்க மாமா என்று. யாரும் சிரித்தார்களோ என்னவோ. பத்து நாள் பேருந்துப் படிக்கட்டு. ஐப்பசி மழை வேறு ஆரம்பித்துவிட்டது.

பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்த்தான். மஞ்சள் கரைந்து ஓரத்துக்கு ஓடியது, பஞ்சால் ஒற்றியெடுத்தான், பஞ்சில் ஒரு சின்னப் பொட்டு விழுந்தது, சரியான வட்டமாக. மறுபடி தேய்த்தான். ரப்பரின் அடியிலிருந்த கருப்புத் துளியைத் துடைத்தான், காற்றுக் குழாயை மெல்லத் திறந்து ஊதினான், புதுப் பேட்டரி போட்டு மூடினான். வெளியே வந்து கேட்டுக்கு அருகில் நின்று அமுக்கினான். வாகை மரத்தடியில் கார் இரண்டு முறை மின்னியது, கண்ணாடிகள் காது விரிப்பதுபோல் விரிந்தன. பூட்டினான். திறந்தான். பூட்டினான். திறந்தான். சரியாகிவிட்டது. அப்படியே சரியாகிவிட்டது. இனி யாரும் எதையும் சொல்லவேண்டியதில்லை. சுத்தம் செய்தோம் அண்ணாச்சி, உள்ளே தூசி இருந்தது. தூசி. தூசி என்று சொன்னால் அந்தப் பெண்ணின் மேலும் பழி இல்லை, இவன் மேலும் இல்லை, தூசியின் மேல்தான். தூசிக்குப் பயிற்சிக்காலம் கிடையாது, வெள்ளிக்கிழமை கிடையாது. இந்தச் சொல் அவ்வளவு வசதியாக, எவ்வளவு நேரமாகவோ பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததுபோல் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் அதனோடு நடந்துகூடப் பார்த்தான், மேசைவரைக்கும். ஆனால் தூசியைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி என்ன சொல்வார் என்பதும் கூடவே வந்தது. அதான் சொன்னேனே, தண்ணிக்குள்ள போட்டா தூசி அடையத்தானே செய்யும். அவர் பதிலை ஏற்கெனவே வைத்திருக்கிறார், எந்தக் கேள்வியைக் கொடுத்தாலும் அதில் பொருத்திக்கொள்வார்.

அதோடு தாம்பாளம் இருந்தது. தாம்பாளத்தில் ஒரு சாவி மட்டுமா இருந்தது? பன்னிரண்டு. கண்ணை மூடினால் பன்னிரண்டும் நெற்றியில் பொட்டோடு வரிசையாகத் தெரிந்தன. அரக்கு நிற வண்டி, ஆலங்குளத்திலிருந்து வந்த ஊன்றுகோல் வைத்திருந்த பெரியவருடையது. நீலம், கைக்குழந்தையோடு வந்த தம்பதி, சாவியை வாங்கும்போது அந்த அம்மாள் பொட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாம்பல் நிறம், சங்கரன்கோவிலுக்குத் தினமும் போய்வரும் ஆசிரியை. எல்லாருக்கும் தண்ணீர்ச் சந்தனம்தான், எல்லாருக்கும் இரண்டாவது பொட்டும் உண்டு, பாரபட்சமே இல்லை. சிலது இறங்கியிருக்கும், சிலது இறங்காமல் தப்பியிருக்கும். இறங்கியிருந்தால் இந்நேரம் அவர்களும் எங்காவது நின்று பெருவிரல் வெளுக்க அமுக்கிக்கொண்டிருப்பார்கள். வாட்ச் கடைக்குப் போய் பேட்டரி மாற்றியிருப்பார்கள். அதற்கப்புறமும் சரியாகவில்லையென்றால், யார் கையில் கடைசியாக இருந்தது என்று கேட்டிருப்பார்கள். அந்த வீடுகள் ஒவ்வொன்றிலும், கடைசியாகக் கையில் வைத்திருந்த ஒருவர் இருப்பார். இசக்கிராஜா மேசையில் உட்கார்ந்து ஜாப் கார்டை இழுத்தான். கட்டத்தைத் தொடாமல் அதற்குக் கீழே வெற்றிடத்தில், ஒவ்வொரு எழுத்தாக, பரீட்சைத்தாளில் எழுதுவதுபோல் எழுதினான்: ஆயுத பூஜை அன்று சர்வீஸ் நிலையத்தில் சாவிக்குப் பொட்டு வைத்தபோது சந்தனம் உள்ளே இறங்கியுள்ளது. வைத்தது நான். கையெழுத்துப் போட்டான். பசி எடுத்தது.

அண்ணாச்சி எதிர்க் கடையில் வடை தின்ற எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னப்பா, உயிர் வந்துச்சா?" இவன் சாவியை நீட்டினான். அவர் அமுக்கினார், கார் மின்னியது. "பரவாயில்லையே! தண்ணிதான?" "தண்ணி இல்ல அண்ணாச்சி." "பின்ன?" "சந்தனம். ஆயுத பூஜைக்கு இங்க எல்லாச் சாவிக்கும் பொட்டு வச்சோம்லா, உங்க சாவிக்கு வச்சது உள்ள இறங்கிட்டு. வச்சது நான்தான். தண்ணியாக் கலக்கிட்டேன்." அண்ணாச்சி சாவியைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், மறுபடி சாவியைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று இசக்கிராஜா தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டான். அவர் திட்டவில்லை. "அந்தப் பொட்ட நான் ரெண்டு நா அழிக்காம வச்சிருந்தேன்லே," என்றார் மெதுவாக, ஏதோ வேறு யாரிடமோ சொல்வதுபோல். பிறகு ஜாப் கார்டை வாங்கி, கண்ணாடி போடாமல் கையை நீட்டிப் பிடித்து வாசித்தார். வாசித்து முடித்த பிறகும் பிடித்துக்கொண்டே நின்றார். "சரி. இத வீட்ல காட்டணுமே," என்றார். "காட்டுங்க அண்ணாச்சி." "காட்டுனா... எப்படிலே காட்டுதது." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், ஒரு எண்ணைத் தேடினார், அழைத்துவிட்டு, மணி போகும்போதே சட்டென்று இவன் கையில் திணித்தார். "நீயே சொல்லிரு. எம் மருமக வடிவு. நீ சொன்னாத்தான் நம்புவா."

"சொல்லுங்க மாமா," என்றது போனுக்குள் ஒரு பெண் குரல், பின்னால் கண்ணாடிக் குப்பிகள் மோதும் சத்தம். "மேடம், நான் கார் சர்வீஸ்லேர்ந்து பேசுதேன். இசக்கிராஜான்னு." "மாமாவுக்கு என்ன? ஏதும் இடிச்சிட்டாங்களா?" "இல்ல மேடம், அவங்க பக்கத்துலதான் நிக்காங்க. சாவி விஷயம். உள்ள தண்ணி போகல. ஆயுத பூஜைக்கு நான் வச்ச சந்தனம் போயிருக்கு. உங்க மேல தப்பு இல்ல மேடம்." குப்பிச் சத்தம் நின்றது. லைன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தான், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அழுகிறாளோ என்று பயந்தான். அழவில்லை. "தம்பி," என்றாள், ரொம்ப நிதானமாக, "நீங்க இப்பச் சொன்னீங்கல்ல, அத இன்னொரு தடவ சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போட்டுட்டுச் சொல்லுங்க." "மேடம், அண்ணாச்சிக்குத் தெரியும், நான் ஏற்கெனவே..." "தெரியட்டும். நான் கேக்கையில அவங்களும் கேக்கணும். போடுங்க." அண்ணாச்சி வாகை மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கிராஜா ஸ்பீக்கரைப் போட்டான். பட்டறையில் எதேச்சையாகக் காற்றுக் குழாய் ஓய்ந்திருந்த நேரம் அது, டயர்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், ஞானதுரை அண்ணன் பானெட்டிலிருந்து முழுசாக வெளியே வந்திருந்தார், கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு பார்கவி மேடமும் வந்துகொண்டிருந்தார். இவன் சொன்னான். "சாவிக்குள்ள தண்ணி போகல. உங்க வீட்டு மருமக மேல எந்தத் தப்பும் இல்ல. சந்தனத்தத் தண்ணியாக் கலக்கி வச்சது நான்." தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று இவனுக்கே தெரியாது. "கேட்டுச்சா மாமா?" என்றது போன். "கேட்டுச்சும்மா," என்றார் அண்ணாச்சி. "சாயங்காலம் அஞ்சு மணிக்கு மழை வரும்ங்காங்க. வண்டிய ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டாந்துருங்க. சாவி ரெண்டையும் கொண்டாங்க." "சரிம்மா." "ரெண்டையும் மாமா." "சரிங்கேன்லா!" வைத்துவிட்டாள். அண்ணாச்சி போனைப் பையில் போட்டுக்கொண்டு, சாவிகள் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "கோவக்காரி," என்றார். அதைக் குறையாகச் சொன்னமாதிரி இல்லை.

கார் கேட்டைத் தாண்டிப் போனதும் பார்கவி மேடம் ஜாப் கார்டின் கார்பன் நகலைக் கையில் எடுத்தார். வாசித்தார். டிக் இல்லாத கட்டத்தை விரலால் ஒருமுறை தடவினார். "எத்தனை சாவிக்கு வச்ச?" "பன்னெண்டு மேடம்." "பன்னெண்டுக்குமா?" "பன்னெண்டுக்கும். ரெண்டு ரெண்டு தடவ." அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பொறுமையா வைப்பன்னு உன்கிட்ட கொடுத்தேனே என்று சொல்லப்போகிறார் என்று இவனுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. "வெள்ளிக்கிழமை விஷயத்தை வெள்ளிக்கிழமை பேசுவோம். இப்பப் பதினோரு பேருக்கும் போன் போடு. அப்புறம் சாப்பிடப் போ." அது நல்லதா கெட்டதா என்று இசக்கிராஜா யோசித்துப் பார்த்தான், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான், தெரியவில்லை, பிறகு அதை அப்படியே கீழே வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தான். முதல் பெயர் ஆலங்குளத்துப் பெரியவர். நாலு முறை மணி அடித்த பிறகு எடுத்தார். இவன் யாரென்று சொன்னான், எதற்கென்று சொன்னான், திறக்கும் பொத்தான் வேலைசெய்கிறதா என்று கேட்டான். "திறக்குதான்னா... எங்க, பேரன்தான் எதையோ பண்ணிட்டான்னு சொல்லிக்கிட்டிருக்கோம். நாலு நாளாச்சு." "பேரன் ஒண்ணும் பண்ணல தாத்தா. நீங்க சாவிய எடுத்துக்கிட்டு வண்டிகிட்டப் போய் ஒரு தடவ அமுக்குங்க. நான் லைன்லயே இருக்கேன்." ஊன்றுகோல் தரையில் ஊன்றி ஊன்றிப் போகும் சத்தம் கேட்டது. ஒரு கதவு. சேவல் ஒன்று. பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு, "அமுக்கட்டுமா?" என்றார். "அமுக்குங்க," என்றான், போனைத் தாடையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு.